ஷில்பாவின் மாடல்

பரிசு கொடுத்தவருக்கே ஓட்டு விழும் என்பதுதான் ஷில்பாவின் ஆய்வு மாடல். காகிதத்தில் கம்பீரமாக நின்ற அது, சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர் லைனில் தொண்ணூற்றொன்பது வீடு ஏறி இறங்கியதில் நொறுங்கிப்போயிருந்தது.

நூறாவது வீட்டு ஐடாவும் சிரித்தாள். "யார் இன்னா குடுத்தாலும் வாங்கிப்போம்மா. ஓட்டு மட்டும் எங்க இஷ்டம்!"

மூன்று வருஷ உழைப்பு போச்சு. அழவேண்டிய ஷில்பாவுக்கு ஏனோ சிரிப்பு பொங்கியது. பதில் சொன்னவர்களுக்கெல்லாம் பல்கலைக்கழகம் தரும் டிபன் பாக்ஸை இவளுக்கும் நீட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

ஐடா பின்னாலேயே ஓடிவந்து கிசுகிசுத்தாள்.

"நீ எலெக்‌ஷன்ல நிக்கறது எங்களுக்குத் தெரியாதா கண்ணு? லைன் பூரா பேசி முடிச்சிட்டோம். பாக்ஸ் வாங்கின நூறு வீட்டு ஓட்டும் உனக்குத்தான். எந்தச் சின்னம்னு மட்டும் சொல்லிட்டுப் போ!"