உள்ளே ஐவர்

மலைப்பாதையில் எத்தனை முறை உருண்டாலும் உள்ளிருப்போர்மேல் கீறல்கூட விழாமல் காக்கும் ஜீப் அது. அதனாலேயே, ஐந்து இருக்கைகளுக்குமேல் ஓர் ஆள் ஏறினாலும் நகர மறுக்கும். அன்று மண்சரிவில் காயமுற்ற தோட்டத் தொழிலாளர் ஐவர். ஓட்டுநர் மரியபுஷ்பத்தோடு அறுவர். ஆஸ்பத்திரியோ அடிவாரத்தில் இருந்தது.

“நான் இறங்கிக்கிறேன் புஷ்பம்,” என்றார் கால் நசுங்கிய தேவசகாயம்.

“இறங்கி? ஒத்தக்கால்ல பாண்டி ஆடப் போறீங்களாண்ணே? பேசாம என் சீட்டுக்கு வாங்க.”

அவரை அமர்த்திவிட்டு, வெளியே படியில் தொற்றிக்கொண்டு, சன்னல் வழியே ஸ்டியரிங்கைப் பற்றினாள். வேகத்தை ஜீப்பே பார்த்துக்கொள்ளும்; திருப்புவதற்குத்தான் ஆள் வேண்டும்.

“உள்ளே ஐவர். அனைவருக்கும் பாதுகாப்பு உறுதி,” என்று அறிவித்துவிட்டு ஜீப் புறப்பட்டது.

தேவசகாயம் பள்ளத்தைப் பார்த்தார். “கவுந்தா எங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஒனக்கு?”

“அதனாலதாண்ணே கவுக்க மாட்டேன்,” என்ற மரியபுஷ்பம், முதல் வளைவில் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துத் திருப்பினாள்.