வரப்புக்கு அந்தப் பக்கம்

"உங்கண்ணன் திருடன்."

கடலைக்காரர் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். மனைவி அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னிக்கு என்னத்தைத் திருடினாரு?"

"பூச்சிப் பொறியை. முந்தாநாள் கட்டினேன். இப்ப போய்ப் பாத்தா காணோம்."

"எங்க கட்டினீங்க?"

"வரப்புல."

"வரப்புல எங்க?"

"வரப்புன்னா வரப்புதான். போலீஸ் மாதிரி கேக்காதே. செருப்பைப் போட்டுக்கிட்டுக் கிளம்பு."

அவள் வராமல் சண்டை நடக்காது. போன அறுவடையில் மச்சான் நாலு பேர் நடுவில், "மாப்ள வயல்ல செடியெல்லாம் லட்சணமா இருக்கு, காய்தான் கோவிச்சுக்கிட்டு எங்கயோ போயிடுச்சு" என்று சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. பக்கத்துப் பக்கத்து வயல். கை நீட்டினால் தொடலாம். இருந்தாலும் எதுவானாலும் அவள் வழியாகத்தான்.

இந்த வருஷம் கடலைக்காரருடைய நிலக்கடலைக்கு நேரமே சரியில்லை. இலைப்புள்ளி நோய் வந்து பாதி இலை கொட்டிவிட்டது. மச்சான் வயலில் மக்காச்சோளம் காயக் காய, அங்கே இருந்த அந்துப்பூச்சியெல்லாம் பச்சையைத் தேடி இந்தப் பக்கம் பறக்க ஆரம்பித்தது. முட்டை வைத்துப் புழு வந்து மிச்ச இலையையும் தின்றால், மண்ணுக்குள் இருப்பதெல்லாம் பருப்பில்லாத பொக்குதான். வருஷத்துக்கு ஒரு வெள்ளாமை. அதுவும் போச்சு.

உரக்கடைக்காரர்தான் அந்த மஞ்சள் டப்பாவைக் கொடுத்தார். "உள்ள பொண்ணுப் பூச்சி வாசனை இருக்கு. டப்பா எங்கயோ, மாப்பிள்ளைப் பூச்சியெல்லாம் அங்க. பாத்து இடம் பிடிச்சுக் கட்டுங்க" என்றார்.

கடலைக்காரரும் இடம் பார்த்துத்தான் கட்டினார்.

வரப்பில் மச்சான் பல் துலக்கிக்கொண்டு நின்றார். வாய் நிறைய நுரை.

"டப்பாவை எடுத்தாரான்னு உங்கண்ணனைக் கேளு."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். கேட்பதற்குள் அவர் துப்பிவிட்டுச் சொன்னார்.

"எடுத்தேன்னு சொல்லு."

அவள் இந்தப் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் காது இருக்கு. திருப்பித் தரச் சொல்லு."

"மாட்டேன்னு சொல்லு. கடலை பிடுங்கினதும் தரேன்."

"பிடுங்கினப்புறம் அதை வெச்சு என்ன பண்றது? தலையில கவுத்துக்கவா?"

"அளவு பத்துமான்னு கேளு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"திரும்பித் திரும்பிக் கழுத்து பிடிச்சுக்கிச்சு. நான் என்ன, தந்திக் கம்பியா?"

"எங்க ஒளிச்சு வெச்சிருக்காருன்னு மட்டும் கேட்டுச் சொல்லிட்டு உக்காரு."

"ஒளிச்செல்லாம் வைக்கலன்னு சொல்லு. உள்ள போனா தெரியும்."

கடலைக்காரர் விடுவிடுவென்று சோளத்துக்குள் நுழைந்தார். காய்ந்த தோகை கன்னத்தில் மாற்றி மாற்றி அறைந்தது. பின்னாலேயே மனைவி, அவளுக்குப் பின்னால் பிரஷ்ஷோடு மச்சான்.

நட்டநடு வயலில், ஆள் உயரக் கம்பில், மஞ்சள் டப்பா ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பூச்சிகள், கடைசி பஸ்ஸில் ஏறினவர்கள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன.

கடலைக்காரருக்குப் புரியவில்லை. எடுத்தவன் கடலைப் பக்கம் அல்லவா தூக்கி எறிந்திருக்க வேண்டும்.

"உங்கண்ணனுக்குப் புத்தி கித்தி இருக்கா? டப்பா இருக்கிற இடத்துக்குத்தான் பூச்சியெல்லாம் வரும்னு தெரியாதாமா?"

"தெரியும்னு சொல்லு."

மச்சான் ஒரு கதிரை ஒடித்தார். உரித்தார். தங்கை கையில் கொடுத்தார். அவள் புருஷன் கையில் கொடுத்தாள்.

"நகத்தை வெச்சு அழுத்திப் பாக்கச் சொல்லு."

அழுத்தினார். நகம்தான் வலித்தது. மணி கல்லாக இருந்தது.

"ரெண்டு நாள்ல ஒடிக்கப்போற கதிரு. இதைப் புழு கடிச்சா புழுவுக்குத்தான் பல்லு போகும். கடலைக்கு இன்னும் பருப்பு பிடிக்கணும். அதுவரைக்கும் எல்லாப் பூச்சியும் என் வீட்டுலயே விருந்தாளியா இருக்கட்டும்னு சொல்லு."

இந்தத் தடவை அவள் கழுத்தைத் திருப்பவே இல்லை.

கடலைக்காரர் கதிரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. தொண்டையைச் செருமினார்.

"மச்சான்."

"சொல்லுங்க மாப்ள."

"அப்பாடா. என் கழுத்து பிழைச்சுது" என்றாள் அவள்.

"நான் பாட்டுக்குத் திருடன் கிருடன்னு... உங்களுக்கு எப்படி இப்படி ஒரு நல்ல யோசனை தோணிச்சு?"

"எனக்கெங்க தோணிச்சு? யோசனை உங்களுதுதானே."

கடலைக்காரர் சட்டென்று டப்பாவில் இருந்த பூச்சிகளை எண்ண ஆரம்பித்தார்.

"இவரு யோசனையா? இவரு வரப்புல கட்டினேன்னு சொன்னாரேண்ணே" என்றாள் அவள்.

"வரப்புலயா?" மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டார். "நம்ம சோளத்துல, முதல் வரிசையில கட்டிட்டு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்துக்கிட்டே போனாரும்மா. பாவம், உள்ள வரக் கூச்சம் போல. அதான் நானே எடுத்து இன்னும் நல்லா உள்ள தள்ளிக் கட்டினேன்."