லண்டன் மாப்பிள்ளையின் குற்றம்

"லண்டன் பொலிஸ் என்ட மகனப் பிடிச்சி உள்ளுக்குப் போட்டிருவானா, மகள்?"

நிந்தவூரிலிருந்து கல்யாண நாள் குறிக்க வந்த மாப்பிள்ளையின் உம்மா றாஹிலா மாமி, நாற்காலியில் சரியாக உட்காரவும் இல்லை. கேட்டுவிட்டார்.

கல்யாணப் பெண் றிஸ்லாவுக்குத் திக்கென்றது. அந்தக் குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்; நாலு வருடம் சட்டம் படித்தவள். வாப்பா நாளைக் காலை நொத்தாரிசிடம் போய்ச் சாகாமத்து வயலை விற்கக் கையெழுத்து வைக்கப் போகிறார். அதைப் பற்றி அவளிடம் ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. உள்ளூர் மாப்பிள்ளை என்றால் சீதனமாக ஒரு தட்டு வீடு போதுமாம். லண்டன் மாப்பிள்ளைக்கு ரெண்டு தட்டு வேண்டுமாம்.

"ஹிஷாம் என்ன செஞ்சார், மாமி?"

"ஒரு நாட்டு ஆக்களுக்கு மட்டும் எண்டு உட்ட நாடகத்த, வேற நாட்டுல இருந்து பாக்கான். வீபிஎன் எண்டு ஒண்டாம். அதப் போட்டா இருக்கிற இடத்த மாத்திக் காட்டுமாம். பேஸ்புக்கில ஆரோ போட்டிருக்கான், பிடிபட்டா மறியல்ல போடுவாங்களாம்!"

உம்மா றுகையாவுக்குக் கண் கலங்கியது. "பாவம் மாப்பிள்ள. அங்க குளிருக்க தனியா இருக்கார், வேற என்னத்தப் பாக்கிற?"

போன வெள்ளிக்கிழமை வீடியோ கோலில் ஹிஷாம் கம்பளிச் சட்டையோடும் தொப்பியோடும் வந்திருந்தான். மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது. ஹீட்டர் கூடிப்போச்சு என்றான்.

"வீபிஎன் வச்சிருக்கிறதுக்கெல்லாம் மறியல் இல்ல, மாமி. அந்தக் கம்பனிட நிபந்தனைய மீறுறார், அவ்வளவுதான். கண்டுபிடிச்சா வெட்டுவாங்க."

"யா அல்லாஹ்!"

"கணக்கத்தான் மாமி, கழுத்த இல்ல."

வாப்பா ஜவுபருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, என்ட மகள்ட கதைய?"

மாமிக்கு மூச்சு வந்தது. தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் குடிக்கவில்லை.

"இல்லாத ஊர்ல இருக்கன் எண்டு பொய் சொல்றான். அது மோசடி இல்லையா மகள்?"

"பாவமா எண்டா மவுலவிட்டக் கேளுங்க. சட்டத்த நான் சொல்றன். மெஷினுக்குச் சொன்ன பொய்க்கு மோசடி வழக்கு வராது. மனிசருக்குச் சொல்லி, அத நம்பி அவங்க காணி பூமிய வித்துக் குடுத்தாத்தான் மோசடி."

கோப்பை சாய்ந்து தேத்தண்ணி மாமியின் புதுச் சேலையில் கொட்டியது. அவர் துடைக்கவும் இல்லை.

"என்ன மாமி இப்பிடிப் பயப்படுறீங்க? அவர் மெஷினுக்குத்தானே சொல்லியிருக்கார்." றிஸ்லா துவாயை எடுத்து நீட்டினாள். "எங்க இருக்கன் எண்டு போட்டிருக்கார்?"

மாமி வாப்பாவைப் பார்த்தார். உம்மாவைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"லண்டன்ல இருக்கன் எண்டுதான், மகள்."