தினமும் பேசிய தம்பி

இருபது வருடம் டெல்லியில் எம்.பி.யாக இருந்த திருமலைக்குமார், சட்டமன்றத் தேர்தலில் நிற்பதற்காகச் சொந்த ஊரான சிவகிரிக்குத் திரும்பினார். அவர் குரலில், அவர் நினைவுகளோடு பேசுகிற செயற்கை நுண்ணறிவு நகல் ஒன்றைத் தொகுதியில் எல்லார் அலைபேசியிலும் கட்சி ஆறு மாதம் முன்பே போட்டுவைத்திருந்தது. ஊர்க்காரர்கள் கூப்பிடும் தன் பழைய எண்ணையும் அவர் அந்த நகலுக்கே விட்டுக்கொடுத்திருந்தார்.

முதல் ஓட்டை அக்காவிடம் கேட்பதுதான் அவர் வழக்கம். பட்டாசு வெடிக்க வேலுத்தாயின் வாசலில் இறங்கியவர், அக்காவின் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னக்கா, அத்தானக் காணோம்? வெளிய வரச் சொல்லு!"

உள்ளே சுவரில், மாலை போட்ட படத்தில் அத்தான் இருந்தார்.

"என்ன கேக்க நீ?" என்றாள் அக்கா. "அவுக போய் மூணு மாசமாச்சே. பொறந்த வீட்டுக் கோடிச் சேலைகூட நீதானப்பா கூரியர்ல அனுப்பி வச்ச. வர முடியலியேன்னு தெனமும் எங்கூட அழுதியே."

அவர் கேமராவைக் கையால் மறைத்தார். "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. யாருமே சொல்லல."

வேலுத்தாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப எங்கூட அழுதது யாரு?"

அந்த நேரம் பார்த்து அவள் கையிலிருந்த அலைபேசி அவர் குரலிலேயே கூப்பிட்டது. "அக்கா, சாப்ட்டியா?"

அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"இன்னும் இல்லப்பா" என்றாள்.