மேலே போன சூடு

"வெளியில போங்கோ எண்டு சொன்னால்தான் வழக்கு, வம்பு. வாடகையைக் கூட்டினால் அவவே போயிடுவா" என்றாள் ரஞ்சினி, காரை விட்டு இறங்கும்போதே.

கணேசலிங்கம் காரைப் பூட்டிக்கொண்டு மனைவியின் பின்னால் நடந்தார். ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரில் அவர் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் ஒரே கட்டடம் அது. நூறு வயதுக் கிழட்டு வீடு. வாடகை வீடுகளுக்குக் குளிர்காப்புப் போட அரசாங்கம் உதவிப்பணம் தருகிறது என்று கேள்விப்பட்டு அவரும் விண்ணப்பித்தார். கிடைத்துவிட்டது. மிச்சச் செலவில் ஒரு பங்கை வாடகையில் ஏற்றலாம் என்று சட்டமே சொல்கிறது. ஏற்றினால், மேல்மாடியில் பென்சன் காசில் காலம் தள்ளும் கெஸ்லர் கிழவியால் தாக்குப் பிடிக்க முடியாது.

"மதீசனுக்குக் கலியாணம் முடிஞ்ச கையோட அந்த வீட்டைக் குடுத்திடலாம்" என்று மகனுக்காகக் கணக்குப் போட்டாள் ரஞ்சினி.

"எண்பத்தாறு வயசு மனிசியப்பா."

"அந்த மனிசி உங்களைப் படுத்தின பாட்டை நீங்கள்தானே கதை கதையாச் சொல்லுவியள்?"

சொல்லியிருக்கிறார்தான்.

1986ஆம் ஆண்டு, அகதியாக வந்த புதிதில், இதே வீட்டின் கூரைத்தட்டில்தான் அவர்கள் ஆறு பெடியன்கள் ஒதுங்கியிருந்தார்கள். அறையைச் சூடாக்கும் ஹைசுங் கிடையாது. தேவாலயத்தில் கொடுத்த இரண்டு கட்டிலில் ஆறு பேர் எப்படிப் படுப்பது? அவற்றைச் சுவரோடு நிமிர்த்தி வைத்துவிட்டு, ஊரில் படுப்பதுபோலத் தரையில் வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். ஒரு சட்டி, ஒரு கசெற் றேடியோ, ஆறு பேருக்கும் பொதுவாக ஒரு நல்ல கோட்டு. யாருக்கு விசா அலுவலோ அவன் போட்டுக்கொண்டு போவான்.

கருவாடு பொரித்தால் போதும், நேர் கீழே குடியிருந்த கெஸ்லர் ஏறி வந்துவிடுவாள். படி துடைக்கும் முறை வந்தால் தும்புத்தடியைக் கையில் திணித்துவிட்டுப் போவாள். சிரித்த முகத்தை ஒரு நாளும் கண்டதில்லை.

ஆனாலும் என்ன சந்தோஷம்! அந்தச் சிரிப்பும் நித்திரையும் பிறகு அவருக்கு எந்த வீட்டிலும் வாய்க்கவில்லை. "இளம் இரத்தம், குளிராவது மண்ணாவது" என்று இன்றைக்கும் கலியாண வீடுகளில் மார்தட்டுவார். கூட இருந்தவர்களில் ஒருவன் கனடா, ஒருவன் லண்டன். பாட்டுக்காரன் அன்ரன் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த நாட்களை விட மனமில்லாமல்தான், விலைக்கு வந்ததும் கடன்பட்டு இந்த வீட்டையே வாங்கினார்.

அவர்கள் படியேறிப் போனபோது கெஸ்லர் கிழவி கோப்பி போட்டு வைத்திருந்தாள். கணேசலிங்கம் ஜெர்மனில் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். வாடகை கூடும் என்றதும் அவள் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள்.

"அப்படியென்றால் பனி விழுமுன் போய்விடுகிறேன், ஹெர் கணேஷ். ஹம்பேர்க்கில் தங்கை மகள் இருக்கிறாள். ஐம்பது வருடம் இங்கே இருந்தாயிற்று."

கெஞ்சுவாள், இல்லாவிட்டால் சண்டை பிடிப்பாள் என்று நினைத்து வந்தவருக்கு இது என்னவோ செய்தது. அவசரமாகக் கைப்பேசியை எடுத்து நீட்டினார்.

"எனக்கு வேறு வழியில்லை, பிராவ் கெஸ்லர். இஞ்சினியர் வெப்பக் கமெராவில் எடுத்த படம், பாருங்கள். இந்தச் சிவப்பெல்லாம் உங்கள் சீலிங். நீங்கள் போடுகிற சூடு முழுக்க மேலே போகிறது. இத்தனை வருடமும் வீண்."

"மேலே போகும் என்று எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"தெரிந்துதான் போட்டேன்." அவள் முகம் வழக்கம்போலக் கடுகடு என்றுதான் இருந்தது. "ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் நாற்றத்துக்குச் சண்டை போட மேலே வந்தேன். கதவு திறந்திருந்தது. கட்டில் இரண்டும் சுவரோடு நிற்கின்றன. நீங்கள் ஆறு பேரும் வெறும் பலகைத் தரையில் ஒட்டிக்கொண்டு தூங்குகிறீர்கள். கீழே வந்து எல்லா அறையிலும் ஹைசுங்கை முழுதாகத் திறந்துவிட்டேன். நீங்கள் வேறு வீடு போகும்வரை குளிர்காலங்களில் அதைக் குறைக்கவே இல்லை. என் கணவர் ஜனவரி மாதத்தில் பெனியனோடு உட்கார்ந்து என்னைத் திட்டுவார்."

கணேசலிங்கம் சீலிங்கை நிமிர்ந்து பார்த்தார். எத்தனை கலியாண வீடுகளில், எத்தனை பேருக்கு முன்னால் மார்தட்டியிருப்பார்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?"

"சொன்னால் நன்றி சொல்ல வருவீர்கள். வரும்போது மீனும் பொரித்துக்கொண்டு வருவீர்கள்."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மனைவியைப் பார்த்தார். வந்ததிலிருந்து உம்மென்று இருந்த ரஞ்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் தோளில் ஒரு இடி இடித்தாள்.

"என்ன பார்த்துக்கொண்டிருக்கிறியள்? வாடகை கூட்டமாட்டம், ஒரு இடமும் போக வேண்டாமெண்டு சொல்லுங்கோ. மதீசனுக்கு அந்தக் கூரைத்தட்டைத் திருத்திக் குடுப்பம். இவவுக்கு மேல இருந்தால் என்ர பிள்ளைக்கு ஒரு குறையும் வராது."