பேனரில் போட்ட ஒன்று

"மொதல்ல போய் அந்தப் பேனரைக் கழட்டிட்டு வாடா" என்றார் சிவப்பிரகாசம். கண் டி.வி.யை விட்டு நகரவில்லை.

தம்பி மகன் சிலம்பரசன் அசையவில்லை. "இன்னும் நேரம் கீது பெரிப்பா."

பேனர் வில்லியனூர் போகிற வழியில், ஊர் முனையில், இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. நடுவில் சிவப்பிரகாசத்தின் மகன் அரிகரன், நீல ஜெர்சியில். சுற்றிலும் கூலிங்கிளாஸ் போட்ட நண்பர்கள். கீழே கொட்டை எழுத்தில்: 'இந்தியக் கால்பந்து அணி. ஆட்டம்: 1.'

ரிசல்ட் வருவதற்கு முன்பே வெற்றி வாழ்த்து அடித்துப் பழகிய கூட்டம் அது. அரிகரனுக்கு அணியில் இடம் கிடைத்த அன்றைக்கே சிலம்பரசன் பேனரைக் கட்டிவிட்டான். அணிக்குப் போனால் ஆடுவான், ஆடினால் ஒன்று, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டான்.

இப்போது ஆட்டம் முடியப் போகிறது. அரிகரன் இன்னும் பெஞ்சில்தான் இருந்தான்.

"அங்க உக்காந்துனு இருந்தாலும் ஆடுன மாதிரிதானடா?" என்றாள் அம்மா ஜெயா. இதை அவள் கேட்பது முதல் தடவை இல்லை.

"இல்ல பெரிம்மா. புல்லுல எறங்கணும். ஒரு நிமிசம் எறங்குனாலும் போதும், ஆயுசுக்கும் ரெகார்டுல பேரு நிக்கும். எறங்கலைன்னா அவன் போனதே கணக்குல வராது."

அரிகரனுக்கு முப்பது ஆகப் போகிறது. யாரோ ஒருவருக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் கூப்பிட்டிருந்தார்கள். இதை விட்டால் இன்னொரு தடவை கூப்பிட மாட்டார்கள் என்பது ஜெயாவுக்கும் தெரியும். கரும்பு வெட்டு நடக்கும்போதுகூடப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, அப்பனிடம் அடி வாங்கிய பிள்ளை.

இந்தியா மூன்று கோல் முன்னால் இருந்தது. இனி ஒரே ஒரு ஆளைத்தான் மாற்றலாம். அரிகரன் ஆடுகிற இடத்தில் கேப்டன் ஜோதிந்தர் நின்றுகொண்டிருந்தார்.

கேப்டனுக்கு இது கடைசி ஆட்டம். இன்றைக்கு மட்டும் இரண்டு கோல் போட்டுவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் என்பது மட்டும் அவர் கணக்கில் இல்லையாம். டி.வி.க்காரன் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எத்தினி ரெகார்டு வச்சினுகீறாரு. இன்னும் ஒண்ணு இன்னாத்துக்கு?" சிலம்பரசன் பல்லைக் கடித்தான். "நம்மாளுக்கு அஞ்சு நிமிசம் வுட்டுக்குடுத்தா இன்னா கொறைஞ்சிடும்?"

"பேராசை புடிச்சவன்" என்றார் சிவப்பிரகாசம். "கோச்சே கூப்ட்டாலும் வெளிய வர மாட்டான் பாரு."

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பலராமன் உள்ளே தலையை நீட்டினார். "இன்னா சிவப்பிரகாசம், பேனர்ல ஒண்ணை அழிச்சிட்டு முட்டை போட்டுடலாமா?"

யாரும் சிரிக்கவில்லை. நாளைக்கு அந்த முனையில்தான் ஜெயா பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளை ஊருக்கு வந்து இறங்கினால் முதலில் அந்தப் பேனர்தானே கண்ணில் படும்.

டி.வி.யில் ஒரு நொடி அரிகரனைக் காட்டினார்கள். ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தான். வேறு வேலை இல்லாதவன் செய்கிற வேலை.

ஜெயாவுக்குத் தாங்கவில்லை.

"அந்தக் கேப்டன் கால் இழுத்துக்கினு வுழ மாட்டானா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

சொல்லி வாயை மூடவில்லை. பந்து கேப்டனைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. எதிரே கோல் கீப்பர் மட்டும்தான். கேப்டன் திடீரென்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை.

வீடே கை தட்டியது. "வேணும் அவனுக்கு" என்றார் பலராமன்.

கேப்டனை இரண்டு பேர் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப் போனார்கள். அரிகரன் உள்ளே ஓடி வந்தான். கடைசி சில நிமிஷம்தான். பந்து அவன் காலில் ஒரே ஒரு தடவை பட்டது. அது போதும். சிலம்பரசன் தெருவில் சரவெடி கொளுத்தினான். சிவப்பிரகாசம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஜெயா மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

"இன்னாம்மா, புள்ள ஆடிட்டான். நீ ஏன் இப்டிக் கீற?" என்றார் சிவப்பிரகாசம்.

"என் வாயில ஏன் அப்டி வந்துது? அவனும் ஒருத்தி பெத்த புள்ளதான. கடைசி ஆட்டத்துல நொண்டிக்கினு போறான், நாம கை தட்டுறோம்."

வில்லியனூர் கோயில் கோகிலாம்பாளுக்கு விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டாள். நெஞ்சு ஆறவில்லை.

கொஞ்ச நேரத்தில் அரிகரன் வீடியோ காலில் வந்தான். பின்னால் ஒரே சத்தம், பாட்டு.

"அந்தக் கேப்டனுக்குக் கால் எப்டிடா கீது?" ஜெயா முதலில் கேட்டது அதைத்தான். "எலும்பு எதுனா ஒடைஞ்சிடுச்சா?"

அரிகரனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"காலையில டீம் பஸ்ஸுல அவருகிட்ட நம்ம பேனர் போட்டோவக் காட்டுனேம்மா. இப்டி அடிச்சி வச்சிட்டானுங்க, எறங்கலைன்னா ஊர்ல தலை காட்ட முடியாதுன்னு சொன்னேன். சிரிச்சினே போய்ட்டாரு."

சொல்லிவிட்டு போனை அந்தப் பக்கம் திருப்பினான்.

ஜோதிந்தர் இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கி டான்ஸ் ஆடிக்கொண்டிருந்தார். போனைப் பார்த்ததும் கிட்டே வந்து கும்பிட்டார். அரிகரன் சொல்லிக்கொடுத்த தமிழ், ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"அம்மா, கால் ஒண்ணும் இல்ல. பேனர்... கழட்ட வேணாம்."