குல்லா இறக்கிய காய்ச்சல்

ஓடியாடிவிட்டு வந்த குழந்தை தாரிணியின் அக்குளில் இருந்த தெர்மாமீட்டர், அலுப்போடு தொண்ணூற்றொன்பது காட்டியது. காலையில் சற்றுக் குறையும், விளையாடினால் ஏறும். பிள்ளை உடம்பு அப்படித்தான். யார் கேட்கிறார்கள்? அம்மா பதறிப்போய்க் கம்பளிக் குல்லாவை மாட்டிவிட்டு மருந்தெடுக்க ஓடினாள்.

"காய்ச்சல்தான், தலை கொதிக்குது," என்றது குல்லா.

"நீ ஏறி உட்கார்ந்தா கொதிக்காம குளிருமா? இறங்குடி. வீணா அந்தப் பிள்ளை மருந்து குடிக்கணுமா?" என்றது தெர்மாமீட்டர்.

குல்லா அசையவில்லை. வேர்த்து விறுவிறுத்த குழந்தையே அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஃபேனுக்கடியில் படுத்துக்கொண்டது. அம்மா மருந்தோடு வந்து அளந்தபோது சூடு இறங்கியிருந்தது.

"பார்த்தியா, வேர்க்கவெச்சு இறக்கிட்டேன்," என்றது தரையில் கிடந்த குல்லா.

அம்மாவுக்கும் அதே எண்ணம். மருந்தை மூடி வைத்தாள். காய்ச்சல் திரும்பிவிடக் கூடாதே என்று குல்லாவை மறுபடி மாட்டினாள்.

எப்படியும் சற்று நேரத்தில் மறுபடி அளக்க எடுப்பாள், டப்பாவுக்குள் போய் என்ன பிரயோசனம் என்று தெர்மாமீட்டர் மேஜையிலேயே படுத்துக்கொண்டது.